ராத்திரி வச்ச ஏடு

ஓம் சரவண பவ!

மார்கழி மாசம். காலையில குளிச்சு விளக்கேத்திட்டு, ஆபீஸ் வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள கிடைச்ச நேரத்துல இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. பரீட்சை ரிசல்ட் பார்த்து மனசு உடைஞ்சு போன யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, அவங்களுக்கு இதை அனுப்புங்க.

போன 19-ந் தேதி ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். நம்ம சஷ்டி குரூப்ல இருக்கிற ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் பண்ணியிருந்தான். சேலையூர் பக்கம் வீடு. அன்னைக்குத்தான் கேட் ரிசல்ட் வந்திருந்தது. எம்.டெக். சேர எழுதுற கேட் வேற, இது ஐ.ஐ.எம். மாதிரி இடங்கள்ல எம்.பி.ஏ. சேர, வருஷா வருஷம் நவம்பர் கடைசியில நடக்கிற தேர்வு.

"அண்ணா, 62 பர்சன்டைல். 48 நாள் விரதம் இருந்தேன். ஒரு நாள் கூட கவசம் படிக்காம விடல. முருகன் என்னைக் கைவிட்டுட்டாரு. இனிமே எனக்கு எதுவுமே வேணாம்ணா."

கடைசி வரியைப் படிச்சதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. உடனே போன் போட்டேன். மூணாவது தடவைதான் எடுத்தான். ஒரு மணி வரை பேசினோம். அவங்க அம்மாவை எழுப்பச் சொல்லி, அவங்க கிட்டயும் பேசிட்டுத்தான் போனை வச்சேன். இப்போ நல்லா இருக்கான். அவன் கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல இதைச் சொல்லிடுறேன். திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடிச்சார்னு நாம கேட்டிருக்கோம். இன்னைக்கு அந்தக் கை, நடுராத்திரியில போனை எடுக்கிற ஒரு மனுஷனோட கையா வரும். அந்த மாதிரி எண்ணம் வந்தா வீட்டுல யாரையாவது எழுப்புங்க, நண்பனைக் கூப்பிடுங்க. இல்லைன்னா 14416, இல்லைன்னா 104-க்கு போன் பண்ணுங்க. தமிழ்லயே பேசலாம். அது பக்திக் குறைவு ஆகாது.

இப்போ அவன் சொன்ன அந்த வார்த்தைக்கு வருவோம். "முருகன் கைவிட்டுட்டாரு." இதே வார்த்தையை நானும் சொன்னவன். அதனால என் கதையை முதல்ல சொல்லிடுறேன்.

நான் மேற்குத் தாம்பரம். இன்ஜினியரிங் முடிச்சு சாஃப்ட்வேர் கம்பெனில வேலை. 2022 நவம்பர் 27-ந் தேதி முதல் தடவை கேட் எழுதினேன். அந்த வருஷம் சூரசம்ஹாரம் அக்டோபர் 30. சஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்து, ஆறாம் நாள் திருப்போரூர் கந்தசாமி முன்னாடி நின்னு ஒரு நேர்த்திக்கடன் வச்சேன். "99 பர்சன்டைல் குடுத்துடு, பழனிக்கு நடந்தே வந்து மொட்டை போட்டுக்கறேன்."

டிசம்பர் 21-ந் தேதி ரிசல்ட். 74.

அந்த வருஷம் பரீட்சை எழுதினது சுமார் 2.22 லட்சம் பேர். 74-ன்னா எனக்கு மேல 57,000 பேருக்கு மேல இருக்காங்கன்னு அர்த்தம். கணக்கு போட்டுப் பார்த்த நிமிஷத்துல போன்ல இருந்த முருகன் படத்தை எடுத்துட்டு, ஏதோ ஒரு மலைப் படத்தை வச்சேன். செவ்வாய்க்கிழமை அம்மா குன்றத்தூர் மலைக்குக் கூப்பிட்டாங்க. "நீயே போயிட்டு வா, அவர் எனக்கு ஒண்ணும் செய்யல"ன்னு சொன்னேன்.

அம்மா செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டாங்க. "ஏன்டா, முருகன் உன்கிட்ட கடன் வாங்கியிருக்கானா?"

பதில் சொல்லல. கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டேன்.

குமரக்கோட்டத்துக் கதை

அடுத்த மாசம், 2023 ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை, அம்மாவுக்கு காமாட்சி அம்மனைப் பார்க்கணும்னு ஆசை. துணைக்குத்தான் போனேன். தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி, செங்கல்பட்டு வழியா காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி கோயிலுக்கும் நடுவுல குமரக்கோட்டம் இருக்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி. அம்மா உள்ள போனாங்க. நான் வீம்பா, கந்தபுராணம் அரங்கேறினதா சொல்ற மண்டபத்துல உட்கார்ந்துட்டேன்.

பக்கத்துல ஒரு பெரியவர், தன் பேத்திக்குக் கதை சொல்லிக்கிட்டு இருந்தார். கச்சியப்ப சிவாசாரியார் கதை. சின்ன வயசுல கேட்டதுதான். ஆனா அன்னைக்குத்தான் காதுல விழுந்தது.

கச்சியப்பர் அந்தக் கோயில் அர்ச்சகர். கந்தபுராணத்தைத் தமிழ்ல பாடுன்னு முருகன் கனவுல வந்து உத்தரவு போட்டு, முதல் அடியையும் தானே எடுத்துக் கொடுத்தார்னு வரலாறு. கச்சியப்பர் தினமும் நூறு பாட்டு எழுதுவார். ராத்திரி பூஜை முடிஞ்சதும் அந்த ஏட்டை சுவாமி காலடியில வச்சு, நடை சாத்திட்டுப் போயிடுவார். காலையில வந்து திறந்து பார்த்தா, அங்கங்க திருத்தம் இருக்கும். திருத்தினது முருகன்.

இப்படி மொத்தம் 10,345 பாட்டு. எழுதி முடிச்சு, அதே கோயில்ல அரங்கேற்றம். புலவர்கள், ஊர்ப் பெரியவங்க எல்லாரும் கூடியிருக்காங்க. கச்சியப்பர் முதல் பாட்டை ஆரம்பிக்கிறார். முதல் அடியிலேயே ஒரு புலவர் எழுந்து நிக்கிறார். "நிறுத்துங்க. இந்த ரெண்டு சொல்லும் இப்படிப் புணர்றதுக்குத் தொல்காப்பியத்துல விதி இல்லையே? எந்த இலக்கணத்துல இருக்கு?"

யோசிச்சுப் பாருங்க. முருகனே எடுத்துக் கொடுத்த அடி. ஒவ்வொரு ராத்திரியும் முருகன் பார்த்துத் திருத்தின நூல். அதுக்கே முதல் வரியில ஆட்சேபம்! அன்னைக்கு அரங்கேற்றம் நின்னு போச்சு. நம்ம பாஷையில சொன்னா, முதல் அட்டெம்ப்ட் அவுட்.

கச்சியப்பர் கோவிச்சுக்கல. "சாமி குடுத்த அடி, நீ யாரு கேட்க?"ன்னு சண்டைக்கும் போகல. அடியையும் மாத்தல. ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டார். அன்னைக்கு ராத்திரி முருகன் கிட்ட போய் நின்னார். மறுநாள் சோழ நாட்டுல இருந்து ஒருத்தர் வந்தார். அவர் கையில வீரசோழியம்னு ஒரு இலக்கண நூல். கேட்ட விதி அதுல இருந்தது. சபை ஒத்துக்கிச்சு. வந்தவரே முருகன்தான்னும் சொல்வாங்க.

பெரியவர் கதையை முடிச்சுட்டுப் பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டார். எனக்கு எழுந்திருக்க முடியல.

முருகன் கூட இருந்தாலும் சபையில கேள்வி வரும். கேள்வி வந்துடுச்சுங்கறதால அவர் கூட இல்லைன்னு ஆயிடாது. கச்சியப்பருக்கு அவர் கொடுத்தது, கேள்வியே வராத ஒரு மேடை கிடையாது. கேள்வி வந்த பிறகு ஒரு ராத்திரி, அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு விடை.

அப்புறம்தான் உள்ள போய் சுவாமியைப் பார்த்தேன். திருநீறு வாங்கி நெத்தியில வச்சேன். ஒரு மாசம் கழிச்சு.

பர்சன்டைலுக்கு வேண்டிக்கிட்டா என்ன ஆகும்?

வீட்டுக்கு வரும்போது ரயில்ல இன்னொண்ணு தோணிச்சு. இதை நீங்க கொஞ்சம் நிதானமா யோசிக்கணும்.

மார்க் வேற, பர்சன்டைல் வேற. நூத்துக்கு எத்தனை பேர் உனக்குக் கீழ இருக்காங்கன்னு சொல்றதுதான் பர்சன்டைல். ஒருத்தர் மேல ஏறினா இன்னொருத்தர் கீழ இறங்கித்தான் ஆகணும். அப்போ நான் திருப்போரூர்ல நின்னு என்ன கேட்டிருக்கேன்? "முருகா, ரெண்டு லட்சம் பேரை எனக்குக் கீழ தள்ளு." அந்த ரெண்டு லட்சம் பேர்ல அவரோட அடியார்கள் இல்லையா? அதே சஷ்டி விரதம் இருந்த ஒரு தங்கச்சி மதுரையில இருந்து எழுதியிருக்க மாட்டாளா? எல்லாருக்கும் அப்பனா இருக்கிறவர் கிட்ட இதை எப்படிக் கேட்க முடியும்?

கச்சியப்பர் அப்படி ஒரு வரம் கேட்கவே இல்ல. ஏட்டைக் காலடியில வச்சார். திருத்திக் குடுன்னார். அதை எல்லாரும் கேட்கலாம். ஒரே ராத்திரியில லட்சம் பேர் கேட்டாலும் முருகன் லட்சம் பேருக்கும் குடுக்கலாம். யாரையும் கீழ தள்ள வேண்டியதில்லை.

நேர்த்திக்கடன் தப்புன்னு நான் சொல்ல வரல. நம்ம தாத்தா பாட்டி எல்லாரும் வச்சதுதான். ஆனா வேண்டுதல் வச்சுட்டு, நம்ம ஏட்டை அவர் பார்க்கவே கூடாதுன்னு மூடி வச்சுக்கறோம் பாருங்க, அதுலதான் கோளாறு.

நூத்தி நாலு ராத்திரி

10,345 பாட்டு, நாளுக்கு நூறு. கணக்குப் பார்த்தா 104 ராத்திரி வருது. 2023-ல கேட் தேர்வு நவம்பர் 26. அதுல இருந்து பின்னாடி எண்ணினா, ஆகஸ்ட் 14 ராத்திரியில ஆரம்பிச்சு நவம்பர் 25 ராத்திரியோட சரியா 104. காலண்டர்ல எண்ணிப் பார்த்துட்டு எனக்கே சிலிர்த்துப் போச்சு.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். தினமும் ஆபீஸ் முடிஞ்சு வந்து போடுற கணக்குல, வாராவாரம் எழுதுற மாதிரித் தேர்வுல, தப்பான கேள்வி ஒவ்வொண்ணையும் அதுல எழுதினேன். விடை என்னன்னு எழுதல. "நான் ஏன் இப்படிப் போட்டேன்"னு மட்டும். எழுதி முடிச்சு, நோட்டை வீட்டுல முருகன் படத்துக்கு முன்னாடி வச்சுட்டுத் தூங்கிடுவேன். காலையில எழுந்து குளிச்சதும் திறந்து படிப்பேன்.

முருகன் வந்து சிவப்பு மையில திருத்தி வச்சாரான்னு கேட்காதீங்க. நடந்தது இதுதான். ராத்திரி எழுதும்போது "கேள்வி ரொம்பக் கஷ்டம், டைம் பத்தல"ன்னு எழுதியிருப்பேன். காலையில சாமி முன்னாடி நின்னு அதையே படிச்சா, அது பொய்னு எனக்கே தெரியும். அவர் முன்னாடி பொய்யை வாசிக்க வாய் வராது. பேனாவை எடுத்து அடிச்சுட்டு உண்மையை எழுதுவேன். "விடத் தெரியல. வீம்பு." இந்தத் திருத்தத்தை யார் போட்டதுன்னு நீங்களே சொல்லுங்க.

ரெண்டு வாரத்துல ஒரு விஷயம் புரிஞ்சது. சூரன் மாமரமா நின்னப்போ வேல் அதை ரெண்டாப் பிளந்தது, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல் ஆச்சு இல்லையா? என் தப்பும் அதே மாதிரி ரெண்டாப் பிரிஞ்சது. ஒண்ணு, நிஜமாவே தெரியாதது. அதைக் கத்துக்கிட்டா நம்மளைச் சுமந்துட்டுப் போகும். அது மயில். இன்னொண்ணு, தெரிஞ்சும் அவசரத்துலயோ பயத்துலயோ விட்டது. அது கொடியில இருக்கிற சேவல். ஒவ்வொரு தடவையும் கூவி எழுப்பும். என் நோட்டுல பத்துக்கு ஏழு சேவல்தான்.

உதாரணம் ஒண்ணு சொல்றேன். 2023-ல கேட்ல மொத்தம் 66 கேள்வி, 198 மார்க், ரெண்டு மணி நேரம். மூணு பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம். ஒரு பிரிவு முடிஞ்சா திரும்பிப் போக முடியாது. சரியான விடைக்கு 3 மார்க், நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி தப்பானா 1 மார்க் போயிடும். பாதி மார்க் எடுத்தாலே 99 பர்சன்டைலைத் தாண்டலாம். அதாவது, பாதிக் கேள்வியை விடத் தெரிஞ்சவன்தான் ஜெயிக்கிறான். நான் முதல் தடவை 58 கேள்விக்கு விடை போட்டுட்டு, "எவ்வளவு போட்டிருக்கேன் பாரு"ன்னு சந்தோஷமா வெளிய வந்தவன்! லாஜிக் பிரிவுல ஒரே ஒரு புதிரைப் பிடிச்சுக்கிட்டு 25 நிமிஷம் தொங்கினவன். எல்லாத்தையும் விட்டுட்டுக் கோவணத்தோட நிக்கிற பழனி ஆண்டவரைக் கும்பிடுறோம். ஒரு கேள்வியை விட நமக்கு மனசு வரல.

உதவி எங்க இருந்து வந்ததுன்னும் சொல்லணும். எனக்கு ஆங்கிலம் படிச்சுப் புரிஞ்சுக்கிறதுதான் பெரிய கஷ்டம். பத்தாவது வரை தமிழ் மீடியம். ஸ்கூல் நண்பன் ஒருத்தன், கிழக்குத் தாம்பரத்துல இருக்கிற மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில ஆங்கில இலக்கியம் படிச்சவன். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நேரா எங்க வீட்டுக்கு வருவான். ஒரு கட்டுரையைக் குடுத்து, "படிச்சு முடிச்சுட்டு, எழுதினவன் என்ன சொல்ல வர்றான்னு தமிழ்ல ஒரே வரியில சொல்லு"ம்பான். மூணு மாசம் அதே பயிற்சி. ஒரு பைசா வாங்கல, அம்மா போடுற தோசையைத் தவிர.

கச்சியப்பருக்கு வந்த வீரசோழியம் யார் எழுதினது தெரியுமா? புத்தமித்திரனார். 11-ம் நூற்றாண்டு, வீரராசேந்திர சோழன் காலத்து பௌத்தர். முருகனோட புராணம் சபையில நின்னது ஒரு பௌத்தர் எழுதின இலக்கணத்தால. உதவி எந்த வாசல் வழியா வரணும்னு முருகனுக்கு நாம விதி போட முடியாது.

தீபத்தன்னைக்கு

2023 நவம்பர் 26 என்ன நாள்னு ஞாபகம் இருக்கா? கார்த்திகை தீபம். ஒரு வாரம் முன்னாடிதான், 18-ந் தேதி சனிக்கிழமை, சூரசம்ஹாரம். அந்த வருஷம் சஷ்டிக்கு நான் முழுப் பட்டினி இருக்கல. பால், பழம் எடுத்துக்கிட்டேன். தலை சுத்தி விழுந்து பரீட்சையைக் கோட்டை விட்டா முருகனுக்கு என்ன லாபம்?

எனக்கு மூணாவது ஷிஃப்ட். சாயங்காலம் நாலரையில இருந்து ஆறரை வரைக்கும். வண்டலூர் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ் சென்டர். வாட்ச், செயின், மோதிரம் எல்லாம் கழட்டி வச்சாச்சு. நெத்தியில இருந்த திருநீறு மட்டும்தான் என் கூட உள்ள வந்தது.

ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில மலை மேல தீபம் ஏத்துவாங்க. அந்த நேரம் நான் கணக்குப் பிரிவுல இருந்தேன். கம்ப்யூட்டர்ல 30 நிமிஷம் பாக்கி காட்டுது. ஒரு அஞ்சு செகண்ட் கண்ணை மூடினேன். எதுவும் கேட்கல. கேட்கணும்னு தோணல. ஒரு கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போனேன்.

மொத்தம் 31 கேள்விக்குத்தான் விடை போட்டேன். வெளிய வந்தா தெரு முழுக்க வாசல்ல அகல் விளக்கு. வீட்டுக்கு வந்தா அம்மா பொரி உருண்டை பிடிச்சு வச்சிருந்தாங்க. "எப்படிடா எழுதினே?"ன்னு கேட்கல. "முதல்ல விளக்கைப் பார்த்துட்டு வா"ன்னாங்க.

ரிசல்ட் 93.6.

இப்போ கைதட்டாதீங்க. அந்த வருஷம் எழுதினது 2.88 லட்சம் பேர். இன்னும் 18,000 பேருக்கு மேல எனக்கு முன்னாடி. பெரிய ஐ.ஐ.எம். எதுலயும் கூப்பிடல. ஒரே ஒரு மேலாண்மைக் கல்லூரியில இருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பேர் வேண்டாம். அங்கதான் எனக்கு நிஜமான பரீட்சை.

மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. ஒரு மேடம் கேட்டாங்க. "சாஃப்ட்வேர் வேலை நல்லாத்தானே போகுது? எம்.பி.ஏ. எதுக்கு?" கோச்சிங்ல மனப்பாடம் பண்ணின பதிலைக் கடகடன்னு ஒப்பிச்சேன். தலைமைப் பண்பு, தொலைநோக்கு, அது இதுன்னு. அவங்க சிரிச்சுக்கிட்டே, "இது நீங்க யோசிச்சதா?"ன்னு கேட்டாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டாங்க. லிஸ்ட் நகர்ந்து, என் நம்பருக்கு மூணு பேர் முன்னாடி நின்னு போச்சு.

பிரம்மாவுக்கு வச்ச கேள்வி

குமரக்கோட்டத்து மூலவரை உத்துப் பார்த்திருக்கீங்களா? கையில வேல் இருக்காது. ஜபமாலை, கமண்டலம். பிரம்மா வச்சிருக்கிறது. ஏன்னா, பிரணவத்துக்குப் பொருள் என்னன்னு முருகன் பிரம்மாவைக் கேட்டார். தினமும் ஓம்னு ஆரம்பிச்சு வேதம் சொல்றவர், உலகத்தையே படைக்கிறவர், அதுக்குப் பொருள் தெரியாம முழிச்சார். முருகன் குட்டு வச்சு, சிறையில போட்டுட்டு, படைப்புத் தொழிலைத் தானே எடுத்துக்கிட்டார். அந்தக் கோலம்தான் அங்க இருக்கிறது.

அந்த நேர்காணல் முடிஞ்சு வந்த ராத்திரி நோட்டைத் திறந்தேன். 104 ராத்திரி முடிஞ்ச பிறகு அதைத் தொடவே இல்ல. "ஏன் எம்.பி.ஏ.?"ன்னு எழுதி வச்சேன். காலையில எடுத்து நின்னா, கீழ எழுத ஒரு வரி இல்ல. ரெண்டு வருஷமா ஜபிச்ச மந்திரத்துக்குப் பொருள் தெரியல. பிரம்மா நான்தான்!

கூடப் படிச்சவன் போறான், எழுதினேன். மேனேஜர் சம்பளம் பெருசு, எழுதினேன். அடிச்சேன், எழுதினேன், அடிச்சேன். பல வாரம் ஆச்சு. ஒரு நாள் காலையில பேனா தானா எழுதிச்சு: "அப்பா கடை ஏன் மூடிச்சு?"

எங்க அப்பா ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்துல ஜெராக்ஸ், ஸ்டேஷனரிக் கடை வச்சிருந்தார். எப்பவும் கூட்டம். ஆனா கல்லாவுல காசு நிக்காது. யார் யாருக்கோ கடன், எந்தப் பொருள்ல லாபம், எதுல நஷ்டம்னு கணக்கே இல்ல. 2020 லாக்டவுன்ல மூடினது, திறக்கவே இல்ல. அப்பா அதைப் பத்திப் பேசவே மாட்டார். வியாபாரம் நல்லா நடந்தும் ஒரு கடை ஏன் சாகுதுன்னு எனக்குத் தெரியணும். தாம்பரம் மார்க்கெட்ல இன்னைக்கும் அதே மாதிரி நூறு கடை இருக்கு. அவங்களுக்கு ஏதாவது செய்யணும். இதுதான் என் பதில். சின்னப் பதில், ஆனா என்னுது. அன்னைக்கு சாயங்காலம் இதை அப்பா கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் டி.வி.யையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் உள்ள போய், பழைய கடைக் கணக்கு நோட்டு நாலைக் கொண்டு வந்து என் மடியில வச்சார்.

பதில் கிடைச்சதும் 2024 தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கலாம். போடல. அந்த நாலு நோட்டையும் முதல்ல முழுசாப் படிக்கணும்னு தோணிச்சு. அதுக்கு அப்புறம் எழுதுவேன். கேட் எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம், கணக்கு கிடையாது. அந்த ஸ்கோர் அந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். ஜிமேட் எழுதுறவங்களுக்கு 16 நாள் இடைவெளி, 12 மாசத்துல 5 தடவை, ஸ்கோர் 5 வருஷம் செல்லும். சபை திரும்பத் திரும்பக் கூடும். நாம ஏட்டைத் திருத்தாமலே திரும்பப் போறோமாங்கறதுதான் கேள்வி.

பிரம்மா கதையோட முடிவையும் மறக்காதீங்க. சிவபெருமான் வந்து சொன்னார், முருகன் பிரம்மாவை விடுதலை பண்ணினார். படைப்புத் தொழிலும் அவர் கையிலேயே திரும்பப் போச்சு. ஒரு தடவை பதில் தெரியாம நின்னவரை முருகன் ஒரேயடியா ஒதுக்கி வைக்கல. இன்னைக்கு வரைக்கும் உலகத்தைப் படைச்சுக்கிட்டு இருக்கிறது, அன்னைக்கு ஃபெயிலான அதே பிரம்மாதான்.

தம்பி, அன்னைக்கு ராத்திரி போன்ல இதெல்லாம் சொல்ல வரல. இப்போ சொல்றேன். 48 நாள் நீ விரதம் இருந்தது வீணாப் போகல. அந்த 48 நாளும் உன் ஏட்டை நீ கையிலேயே வச்சிருந்தே, அவ்வளவுதான். இன்னைக்கு ராத்திரி அதை அவர் காலடியில வை. திரும்ப எழுதணுமா, வேற வழியில போகணுமான்னு அவரே காட்டட்டும். எழுத வேண்டாம்னு தெளிவா வந்தா, அதுவும் திருத்தம்தான். எம்.பி.ஏ. படிக்காதவனை முருகன் மலைப்படி ஏத்த மாட்டேன்னு எங்கயும் சொல்லல.

தைப்பூசம் வருது. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை குமரக்கோட்டம் போகலாம்னு இருக்கேன். தாம்பரம் ஸ்டேஷன்ல சேர்ந்து ஏறிக்கலாம். தம்பி வர்றேன்னு சொல்லியிருக்கான். கையில ஒரு நோட்டு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். அம்மாவும் வர்றாங்க. அதனால புளியோதரை உறுதி.

அந்த மண்டபத்துல கொஞ்ச நேரம் உட்காருவோம். பேச வேண்டாம்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!